கடுகளவு மஞ்சள் புள்ளி

‘கிர்ர்ர்ர்ர்...’

டிரில்லிங் மெஷின் சத்தம் கேட்ட ஐந்தாவது நொடியில் அண்ணன் ஷெட்டுக்குள் பாய்ந்து வந்தான். பாதிக் கன்னத்தில் ஷேவிங் நுரை, தோளில் துண்டு, ஒரு காலில் மட்டும் செருப்பு.

“நிறுத்து! எங்க போட்ட துளைய? எங்க போட்ட?”

“பலகையில.” மெஷினை அணைத்துவிட்டு மரப்பலகையைத் தூக்கிக் காட்டினேன். “என் பக்கம், என் பலகை, என் மெஷின். உன் துரைசானி மேல ஒரு தூசி கூட விழல.”

அவன் நம்பவில்லை. இடுப்பில் செருகியிருந்த பேனா டார்ச்சை உருவிக்கொண்டு துரைசானியை ஒரு சுற்றுச் சுற்றினான். பானெட், கதவு, மட்கார்டு, டிக்கி என்று ஒன்றையும் விடவில்லை. கடைசியில் மண்டியிட்டு அவளுடைய அடிவயிற்றையும் பார்த்தான். நுரை ஒரு சொட்டுத் தரையில் விழுந்தது. அதைத் துண்டால் துடைத்துவிட்டுத்தான் எழுந்தான்.

“நெஞ்சே நின்னு போச்சு, வாலு.”

எனக்கு வயது நாற்பத்து மூன்று. நகத்துக்கடியில் இருபது வருஷத்து கிரீஸ். ஆனாலும் அவனுக்கு நான் வாலுதான்.

துரைசானி என்பது ஒரு கார். அறுபது வயது தாண்டிய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட், மடக்குக் கூரை, கரும்பச்சை நிறம், கம்பிக் கால் வைத்த சக்கரங்கள். அண்ணனும் அண்ணியும் கல்யாணமான வருஷத்தில், ஒரு கோழிப்பண்ணைக்குப் பின்னால் முட்டை அட்டைகளுக்கு அடியில் கிடந்தவளைக் கண்டுபிடித்துத் தூக்கிவந்தார்கள். தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்தாளோ அப்படியே அவளை வைத்திருப்பது அண்ணனின் வாழ்க்கை லட்சியம்.

அவனுக்குத் தொழில் மூக்குக் கண்ணாடிக் கடை. ஊருக்கெல்லாம் கண் பார்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பழைய கார் சங்கத்தின் நடுவர். டார்ச்சும் பூதக்கண்ணாடியுமாக மற்றவர்களின் வண்டிக்குள் தலையை விட்டு, “இந்த ஸ்க்ரூ இந்த வண்டியுது இல்ல” என்று சொல்லி, வாட்டசாட்டமான ஆண்களைக் கண்கலங்க வைத்திருக்கிறான். சங்கத்தில் அவனுக்குப் பெயர் ‘எக்ஸ்ரே’.

நான் எதிர்க்கட்சி. பழைய வண்டிகளுக்குப் புது பிரேக், புது இக்னிஷன், நெரிசலில் கொதிக்காமல் இருக்க மின்விசிறி என்று மாற்றிக் கொடுப்பது என் பிழைப்பு. இருவருக்கும் ஒரே ஷெட். நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. அந்தப் பக்கம் அசல், இந்தப் பக்கம் மாற்றம். என் ஸ்பானர் உருண்டு அந்தப் பக்கம் போனால் அண்ணன் அதைக் குச்சியால் திருப்பித் தள்ளுவான்.

அண்ணனைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம் சொல்லிவிட வேண்டும். ஒன்று, வண்டியில் எந்த பாகத்தைச் சரிபார்த்து முடித்தாலும், தீக்குச்சி முனையால் மஞ்சள் பெயிண்ட் தொட்டு, யார் கண்ணிலும் படாத ஓரத்தில் கடுகளவு ஒரு புள்ளி வைப்பான். புள்ளி இருந்தால் அவன் பார்த்தாயிற்று என்று அர்த்தம். இரண்டு, ‘தெரியாது’ என்ற வார்த்தை அவன் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. முன்பின் போகாத ஊரில் வழி கேட்டால்கூட, நேராப் போய் இடது பக்கம் திரும்புங்க என்று சொல்லி அனுப்பிவிடுவான்.

“அவளைத் திட்டாதீங்க. மாதிரி பார்க்கப் பலகையில துளை போடச் சொன்னது நான்தான்.”

வாசலில் அண்ணி நின்றிருந்தாள். ஒரு கையில் ஊன்றுகோல், இன்னொரு கையில் சுருட்டிய காகிதம். அண்ணி கட்டட நிறுவனத்தில் வரைபடம் வரைகிறவள். இரண்டு வருஷத்துக்கு முன் முதுகுத்தண்டில் ஒரு கட்டி வந்து அறுவை சிகிச்சை நடந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. இடது கால் மட்டும் அன்றிலிருந்து சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

அதற்கு முன்னால் துரைசானியை ஓட்டியது அண்ணிதான். அண்ணன் ஓட்டினால் சைக்கிள்காரர்கள் மணியடித்து முந்திப் போவார்கள். அண்ணி ஓட்டினால் பதினொரு வளைவுள்ள மலைச்சாலையில் வண்டி வழுக்கிக்கொண்டு ஏறும். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து மடியில் மேப்பை விரித்து வைத்துக்கொண்டு, “மெதுவா, மெதுவா” என்பான். வருஷாவருஷம் அந்த மலைமேல்தான் சங்கத்தின் கண்காட்சி. கடந்த இரண்டு வருஷமும் துரைசானி லாரி மேல் ஏறி, போர்வை போர்த்திக்கொண்டு, நோயாளி மாதிரிப் போய்வந்தாள்.

அண்ணி காகிதத்தை என் மேஜைமேல் விரித்தாள். கியர் தண்டின் மேல், பைக்கில் இருப்பது போல ஒரு கைப்பிடி. சுத்தமான கோடுகள், அளவுகளோடு.

“கையாலயே கிளட்ச் பிடிக்கிற மாதிரி. டாக்டர் சரின்னுட்டார், லைசென்ஸும் அதுக்கு மாத்திக் கொடுத்துட்டாங்க. இந்தத் தடவை மலைக்கு நான் ஓட்டப் போறேன்.”

அண்ணன் துண்டால் மீதி நுரையைத் துடைத்தான். குரல் தாழ்ந்தது. “உனக்குத்தான் கிளட்சே இல்லாத கார் இருக்கேம்மா.”

“அது லிஃப்ட்டுங்க. ஏறி உட்கார்ந்தா இறக்கி விடும். நான் கேக்கிறது கார்.”

“ஆயிரம் பழைய வண்டி இருக்கு, வெட்டி ஒட்டி மாத்தினது. மாத்தாத வண்டி இந்த ஊர்லயே இது ஒண்ணுதான். இதைச் செஞ்சவன் என்ன நெனச்சுச் செஞ்சான்கிறதுக்கு இது ஒண்ணுதான் சாட்சி.”

“ஓட்டத்தானேண்ணா செஞ்சான்?” என்றேன் நான்.

“நீ சும்மா இரு. உன்னை விட்டா துரைசானிக்கு ஏசி வச்சு ஸ்பீக்கரும் வச்சிடுவ.”

அண்ணி கோபப்படவில்லை. அவள் கோபப்பட்டிருந்தால் அவன் ஜெயித்திருப்பான். ஊன்றுகோலை மேஜையில் சாய்த்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்: “உங்க சங்கத்து விதி பதினாலு என்னங்க?”

அண்ணனின் முகம் மாறியது. விதி பதினாலை எழுதியதே அவன்தான். நாலு வருஷத்துக்கு முன் ஒருவர் பழைய வண்டியில் சீட் பெல்ட் மாட்டி வந்தபோது, விடிய விடியச் சண்டை நடந்து, கடைசியில் எழுதிய விதி. வேறு வழியில்லாமல் ஒப்பித்தான்: “புதிதாக ஒரு துளையும் இடாமல், கழற்றினால் பழைய நிலைக்குத் திரும்பும்படி பொருத்தப்படும் எதுவும் அசலைக் கெடுக்காது.”

“அப்ப துளை போடாம வச்சா?”

“முடியாது.”

“முடிஞ்சா?”

“முடிஞ்சா வச்சுக்கோங்க, ரெண்டு பேரும். ஒரு ஊசி போற அளவு புதுத் துளை போட்டாலும் விடமாட்டேன்.” டார்ச்சை இடுப்பில் செருகினான். “அந்த வண்டியில எனக்குத் தெரியாத துளை ஒண்ணும் கிடையாது.”

கண்காட்சிக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது.

வேலை கேட்பதற்கு எளிது. கிளட்ச் பெடலை மிதித்தால், ஒரு சன்னக் குழாயில் எண்ணெய் அழுத்தம் ஓடிப் போய்க் கிளட்சை விலக்கும். அதே அழுத்தத்தைக் கைப்பிடியால் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். கைப்பிடியைக் கியர் தண்டில் ரப்பர் வைத்து இறுக்கிவிடலாம், கீறல்கூட விழாது. ஆனால் கைப்பிடி இருப்பது உட்காருகிற இடத்தில், கிளட்ச் இருப்பது எஞ்சின் பக்கம். நடுவில் சுவர் மாதிரி ஒரு இரும்புத் தகடு. குழாய் அதைத் தாண்டியாக வேண்டும்.

நான் தாண்டப் பார்த்த கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒயர்கள் போகிற துளை வழியாக விட்டுப் பார்த்தேன். “ஒயரோட உரசும், புகையும்,” என்றான் அண்ணன். அவன் சொன்னது சரிதான். ஹீட்டர் குழாய் போகிற வழியாக விட்டேன். “சூட்டுல எண்ணெய் கொதிக்கும்.” அதுவும் சரிதான். கியர் தண்டின் அடித்தோல் வழியாக இறக்கினேன். மூன்றாவது கியர் போட்டதும் குழாய் நசுங்கியது. கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று அண்ணன் தேநீர் உறிஞ்சினான்.

“நான்தான் சொன்னேனே.”

“சந்தோஷமா?”

அவன் தம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றான். சந்தோஷமாக இருக்கிற ஆள் மாதிரித் தெரியவில்லை.

அண்ணி மட்டும் அவசரப்படவில்லை. வேலையிலிருந்து வந்ததும் ஷெட்டுக்கு வருவாள். துரைசானியின் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, தொழிற்சாலை போட்ட பழைய பாகப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு படம் படமாகப் பார்ப்பாள். அந்தப் புத்தகம் அண்ணனுக்கு வேதம். கை கழுவிவிட்டுத்தான் தொடவிடுவான்.

“என்ன அண்ணி, பரீட்சைக்குப் படிக்கிறீங்களா?”

“சும்மா. கோடு பார்த்தே பழகின கண்ணு. படம் போட்ட பொஸ்தகம்னா விட மனசு வராது.”

பன்னிரண்டாவது நாள் சனிக்கிழமை. அண்ணன் கடையில் இருந்தான். நான் பக்கத்து சீட்டைக் கழற்றி வைத்துவிட்டு, தலைகீழாகக் கிடந்து, அந்தப் பக்கத்துத் தகட்டை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தகட்டின்மேல் கறுப்புக் கம்பளித் துணி ஒட்டியிருந்தது, தொழிற்சாலையில் ஒட்டியது. கிழிந்துவிடும் என்று அண்ணன் யாரையும் அதைத் தொட விடமாட்டான். அதன் ஒரு ஓரம் மட்டும் தூக்கிக்கொண்டு நின்றது. விரலால் தொட்டேன். பிளேடு வைத்து நூல் பிடித்த மாதிரி பிரித்து, திரும்ப ஒட்டியிருந்தார்கள். இன்னும் கொஞ்சம் தூக்கினேன்.

உள்ளே ஒரு ரப்பர் மூடி. உள்ளங்கை அகலம், வட்டம். இரும்பில் தொழிற்சாலைக்காரனே வெட்டிய ஓட்டையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மூடியின் ஓரத்தில் ஒரு மஞ்சள் புள்ளி.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் ரத்தம் கொதித்தது.

விஷயம் புரிந்துவிட்டது. நம்முடையது வலப்பக்கம் ஸ்டியரிங் வைத்த வண்டி. இதே வண்டியை இடப்பக்கம் ஸ்டியரிங் வைத்தும் பல நாடுகளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இரண்டுக்கும் தனித்தனித் தகடு செய்யச் சோம்பல்பட்டு, இருபக்கமும் துளை வெட்டி, வேண்டாத பக்கத்தை ரப்பர் மூடி போட்டு அடைத்துவிட்டார்கள். துளை பிறந்ததிலிருந்தே இருக்கிறது. அண்ணன் அதைப் பார்த்திருக்கிறான், புள்ளியும் வைத்திருக்கிறான். பன்னிரண்டு நாளாக என்னைத் தலைகீழாகத் தொங்கவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறான்!

போன் போட்டேன். “கடையை மூடிட்டு வா.”

“கஸ்டமர் இருக்காங்க.”

“அவங்களுக்கும் கண்ணு தெரியட்டும். வா.”

வந்தான். அண்ணியும் வீட்டிலிருந்து ஊன்றுகோலோடு வந்து கோட்டின்மேல் நின்றாள். நான் துணியின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தேன்.

“இது என்ன?”

அண்ணன் குனிந்தான். டார்ச் அடித்தான், அணைத்தான், மறுபடி அடித்தான். பூதக்கண்ணாடியை எடுத்துப் புள்ளிக்கு நேராக வைத்தான்.

“உன் புள்ளிதானே?” என்றேன். “பார்த்துட்டு ஏன்ணா மறைச்ச? அண்ணி ரெண்டு வருஷமா...”

“இரு, கத்தாத.” நிமிர்ந்தான். அண்ணியைப் பார்த்தான். அண்ணி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “மறைக்கல. நீயே கண்டுபிடிக்கிறியான்னு பார்த்தேன். எனக்குத் தெரியாத துளை இந்த வண்டியில உண்டா?”

“அப்ப இது புதுத் துளை இல்லையே?”

“இல்ல.”

“விதி பதினாலு?”

தொண்டையைச் செருமினான். “விதி விதிதான். மூடியைக் கழட்டும்போது கிழிச்சிடாத. கவர்ல போட்டு, பேர் எழுதி வை.”

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆச்சரியம். மறுநாள் காலை அண்ணன் வெள்ளைக் கோட்டைத் தாண்டி என் பக்கம் வந்தான். “அந்தப் பழைய மூடி அப்படியே இருக்கட்டும். அதே அளவுல புது மூடி ஒண்ணு வார்த்து, அதுல குழாய்க்கு ஓட்டை போட்டுக்கலாம். ரப்பர்ல போடுற ஓட்டை கணக்குல வராது,” என்றான். தானே ரப்பர் வாங்கிவந்தான். குழாய் எங்கே வளைய வேண்டும், எங்கே கிளிப் பிடிக்க வேண்டும் என்று தரையில் படுத்து அளந்து சொன்னான். எந்த போல்ட்டும் புதிதாக ஏறவில்லை. ஏற்கெனவே இருந்த போல்ட்டுகளிலேயே எல்லாம் உட்கார்ந்தது. நேர்மையாகச் சொன்னால், நான் தனியாகச் செய்திருந்தால் இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது. அதை அவனிடம் சொல்லவில்லை. அப்புறம் அவனோடு ஒரே ஷெட்டில் யார் காலம் தள்ளுவது?

முதல் ஓட்டத்துக்கு என்னைத்தான் பக்கத்தில் உட்காரச் சொன்னாள் அண்ணி. தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஆளில்லாத நீளச் சாலை. அண்ணன் ஷெட் வாசலில் நின்றான். “மெதுவா” என்றான், வண்டி கிளம்புவதற்கு முன்பே.

முதல் தடவை குலுங்கி நின்றது. இரண்டாவது தடவையும் நின்றது. மூன்றாவது தடவை, இடது கை கைப்பிடியை அழுத்திப் பிடித்து, கியரைத் தள்ளி, விரல் விரலாக விட்டது. துரைசானி பெருமூச்சு விட்டது போல நகர்ந்தாள். இரண்டாவது கியர், மூன்றாவது. அண்ணியின் ஊன்றுகோல் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று ஆடிக்கொண்டே வந்தது. காற்றில் அண்ணியின் முடி அவிழ்ந்து முகத்தில் அடித்தது. அவள் அதை ஒதுக்கவில்லை. இரண்டு கைக்கும் வேலை இருந்தது.

சாலை முடிகிற இடத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்தினாள். கண் கலங்கியிருந்தது. காற்றுதான் காரணம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

“நல்லவேளை அண்ணி, அண்ணன் அந்த மூடியில புள்ளி வச்சிருந்தான். இல்லன்னா அவனைச் சம்மதிக்க வச்சிருக்கவே முடியாது.”

அண்ணி கண்ணாடியில் முடியைச் சரிசெய்தாள். “புள்ளி வச்சது நான்.”

“என்னது!”

“பொஸ்தகத்துல தகட்டுப் படம் இருக்கு. ரெண்டு பக்கமும் வட்டம் போட்டிருக்கான். உங்க அண்ணன் துணியைக் கிழிக்கக்கூடாதுன்னு அந்தப் பக்கம் திறந்ததே இல்ல. நான் ஆபீஸ் பிளேடை எடுத்துட்டு வந்து பிரிச்சுப் பார்த்தேன். இருந்துது.”

“நேரா அவன்கிட்டயே சொல்லியிருக்கலாமே?”

“இருபத்தோரு வருஷமா குடும்பம் நடத்துறேன். அவருக்கு யாராவது எடுத்துச் சொன்னா, அது தப்புன்னு நிரூபிக்க நாலு நாள் உட்கார்ந்துடுவார். அவருக்கு ஏற்கெனவே தெரிஞ்ச விஷயமா இருந்தா மட்டும்தான் ஒத்துக்குவார். அதான் தெரிஞ்ச விஷயமாக்கிட்டேன்.” கியர் தண்டின்மேல் கை வைத்தாள். “சொல்லிடாத. பாவம், கெளரவமா சமாளிச்சுட்டார்.”

திரும்பி வருகிற வழி முழுக்க நான் சிரித்துக்கொண்டே வந்தேன். வாசலில் நின்ற அண்ணன், “ஏன் சிரிக்கிறா இவ? கியர்ல ஏதாவது சத்தமா?” என்றான்.

கண்காட்சி நாள். மலை அடிவாரத்தில் லாரிக்காரர் வழக்கம்போல் காத்திருந்தார். அண்ணி அவருக்குக் கையசைத்துவிட்டு அவரைத் தாண்டி ஏறினாள். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து மேப்பை விரித்திருந்தான், பதினொரு வளைவும் அவனுக்கு மனப்பாடம் என்றாலும். நான் என் வேனில் பின்னால் போனேன். ஆறாவது வளைவில் அண்ணி இரண்டு ஸ்கூட்டர்களை முந்தினாள். அண்ணனின் வாய் அசைந்தது எனக்குத் தெரிந்தது. “மெதுவா” என்றுதான் சொல்லியிருப்பான். ஆனால் அவன் மேப்பைப் பார்க்கவில்லை. அவள் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மேலே புல்தரையில் முப்பது வண்டிகள் வரிசையாக நின்றன. தன் வண்டிக்குத் தானே நடுவராக இருக்க முடியாது என்பதால், துரைசானியைப் பார்க்கத் தலைமை நடுவரே வந்தார். விமானங்களைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். அண்ணனுக்கே டார்ச் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் என்று சங்கத்தில் சொல்வார்கள். கைப்பிடியைப் பார்த்ததும் கூட்டம் கூடிவிட்டது.

“எக்ஸ்ரே வண்டியிலயே மாத்தமா!” என்றார் ஒருவர்.

“போச்சு, நாளைக்கு நாமளும் ஸ்பீக்கர் வைக்கலாம்,” என்றார் இன்னொருவர்.

தலைமை நடுவர் யாரையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குனிந்தார், குழாயைத் தொடர்ந்தார், துளையைப் பார்த்தார், கவரில் பத்திரமாக இருந்த பழைய மூடியைக் கையில் வாங்கினார். “தொழிற்சாலைத் துளை. விதி பதினாலு. அசல்தான்,” என்றார். அண்ணி மூச்சை விட்டது எனக்குக் கேட்டது.

அவர் மதிப்பீட்டுத் தாளை எடுத்து, ‘பாகத்தைப் பரிசோதித்தவர்’ என்ற கட்டத்தில் பேனாவை வைத்தார். எழுதப்போனவர் நிறுத்தி, மூடியை மறுபடி கண்ணருகே கொண்டுபோனார்.

“எக்ஸ்ரே, இது உங்க புள்ளியா? உங்களுது கடுகளவுல்ல இருக்கும்? இது மிளகளவு இருக்கே.”

அண்ணி சட்டென்று என்னைப் பார்த்தாள். நான் புல்லைப் பார்த்தேன். முப்பது வண்டிக்காரர்களும், அவனால் ஒரு காலத்தில் கண்கலங்கியவர்கள் உட்பட, அண்ணனைப் பார்த்தார்கள். அவன் கையிலிருந்த டார்ச்சை ஒரு தடவை எரித்து அணைத்தான். அன்றைக்கு ஷெட்டில் செய்தது போலவே. பிறகு அதை இடுப்பில் செருகிக்கொண்டு, அண்ணியின் பக்கம் திரும்பிச் சிரித்தான்.

“என் புள்ளி இல்ல சார், இப்படி ஒரு துளை இருக்கிறதே எனக்குத் தெரியாது. கண்டுபிடிச்சது என் சம்சாரம், அவ பேரையே எழுதிக்கோங்க.”